அறிவுரை சொல்லும் பிள்ளை என்ன சாப்பிடுகிறாள்?

வாசகரின் கேள்வி, தெமட்டகொடையிலிருந்து: 2024 பெப்ரவரி 11

என் தாயார் கடந்த வாரம் கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் இருந்தார். குருதியமுக்கம். வீட்டுக்கு அனுப்பும் நாளன்று ஒரு தாதிய மாணவி கட்டிலருகே வந்து, உப்பைக் குறைக்க வேண்டும், கருவாட்டை ஊறவைத்துக் கழுவிச் சமைக்க வேண்டும், தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்று பொறுமையாகத் தமிழில் விளங்கப்படுத்தினாள். அம்மாவுக்கு அந்தப் பிள்ளையை நன்றாகப் பிடித்துவிட்டது. சற்று நேரத்தில் வெளியே கடையில் அதே பிள்ளையைக் கண்டேன். ஒரு கையில் ரோல்ஸ், மறு கையில் சோடாப் போத்தல். நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடினாள். படிக்கும் பாடம் தங்களுக்கு இல்லையா? ஆரோக்கியத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்த பிள்ளைகளே இப்படி நடந்தால் மற்றவர்கள் எப்படி நடப்பார்கள்? தாதியர் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள்.

பெப்ரவரி 11, இரவு 10.20

நான் 11 ஆண்டுகளாகத் தாதி. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் கொழும்பில் விடுதியில் தங்கிப் படித்தேன். ஊர் மட்டக்களப்பு. இப்போது என் அக்காவின் மகள் இங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அந்த ரோல்ஸின் கதை எனக்கு நன்றாகத் தெரியும்.

“நின்றபடியே இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு ஓடினாள்” என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை இன்னொரு தடவை வாசியுங்கள். என்ன சாப்பிட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. காலைக் கடமை 7 மணிக்குத் தொடங்குகிறது, 1 மணிக்கு முடிகிறது. 7 மணிக்கு வார்ட்டில் நிற்க வேண்டுமானால் 5 மணிக்கு எழும்ப வேண்டும். குளியலறைக்கு முன்னால் வாளியோடு வரிசை. தலைமயிரை வலைக்குள் கட்டி, சப்பாத்து வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து இறங்கும்போது 6.30 ஆகிவிடும். விடுதிச் சாப்பாடு அந்த நேரத்துக்குத் தயாராகியிருந்தால் அதிர்ஷ்டம். இல்லையென்றால் முதல்நாள் வாங்கிய பணிஸ் ஒன்று. 1 மணிக்குக் கடமை முடிந்ததும் பிற்பகல் விரிவுரை இருக்கும். இடையில் கிடைக்கும் நேரத்தில் ஒரு சோற்றுப் பார்சல் வாங்கி, உட்கார இடம் தேடி, பிரித்துச் சாப்பிட்டுக் கை கழுவ முடியாது. ரோல்ஸ் என்றால் நின்று சாப்பிடலாம்.

ஆகவே நான் உங்கள் கேள்வியை வேறு விதமாகக் கேட்பேன். உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு எங்கே இடம், எப்போது நேரம்?

பெப்ரவரி 12, காலை

நேற்றுக் கோபத்தோடு எழுதிவிட்டேன். சொன்னதில் எதையும் மாற்றவில்லை. ஆனால் சோடாவைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ரோல்ஸுக்கு நேரத்தைக் காரணம் சொல்லலாம். சோடாவுக்குச் சொல்ல முடியாது, தண்ணீரும் அதே நேரத்தில்தான் குடிக்கப்படுகிறது.

2016 முதல் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிற வட்டம் இருக்கிறது. அப்போது வந்த விதிப்படி 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. இதை மாணவிகளே நோயாளருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். 400 மில்லிலீட்டர்ப் போத்தல் ஒன்றில் நூற்றுக்கு 12 கிராம் வீதம் கணக்குப் போடுங்கள்: 48 கிராம், ஏறத்தாழ 12 தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் இரண்டு நாள் அளவைக் குடித்திருக்கிறாள்.

என் மருமகளிடம் இதைக் கேட்டேன். (எங்கள் பக்கத்தில் அக்காவின் மகளும் மகள்தான், வாசிப்பவர்களுக்கு விளங்கட்டும் என்று மருமகள் என்று எழுதிவிட்டேன். பிழை. இனி மகள் என்றே எழுதுகிறேன்.) அவள் சொன்னாள்: “சின்னம்மா, 11 மணிக்குக் கை நடுங்கும். சோடா குடித்தால் ஐந்து நிமிடத்தில் நிற்கும். வேறு எதுவும் அவ்வளவு வேகமாக நிறுத்தாது.” காலையில் ஒன்றும் சாப்பிடாதவள் 11 மணிக்கு நடுங்குவாள். அங்கேயும் காரணம் 6.30 மணிதான்.

பெப்ரவரி 14

பாணந்துறை வாசகர் ஒருவர், “வார்ட்டில் ஓடித் திரிகிறார்களே, அதுவே உடற்பயிற்சிதானே” என்று கேட்டிருக்கிறார். ஆம். மகளின் தொலைபேசி காலைக் கடமை ஒன்றில் மட்டும் 8,400 காலடிகள் காட்டியது. வீட்டிலிருந்து வேலை செய்யும் எத்தனை பேர் அவ்வளவு நடக்கிறார்கள்? இந்த ஒரு விடயத்திலாவது நம் பிள்ளைகள் பாடத்துக்கு மேலேயே நடக்கிறார்கள்.

பெப்ரவரி 17, சனி

இதைச் சொல்லலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மகளிடம் அனுமதி கேட்டேன், “சொல்லுங்கள், மற்றப் பிள்ளைகளுக்கு உதவும்” என்றாள்.

ஜனவரியில் அவளுக்கு ஈமோகுளோபின், அதாவது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் புரதம், டெசிலீட்டருக்கு 10.4 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனால் குருதிச்சோகை. அவள் மெலிந்த பிள்ளை இல்லை, சாப்பிடாத பிள்ளையும் இல்லை. படியேறும்போது மூச்சு வாங்குகிறது என்றாள். தலைமயிர் கொட்டுகிறது என்று எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளுத்திருந்தது. தினமும் பத்து நோயாளரின் இமையை இழுத்துப் பார்க்கும் பிள்ளை கண்ணாடியில் தன் இமையைப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் அவள் சாப்பிட்டதையெல்லாம் கொப்பியில் எழுதச் சொன்னேன். மோசமான பட்டியல் இல்லை. பருப்பு இருந்தது, கீரை இருந்தது, வாரத்தில் இரண்டு நாள் நெத்தலி இருந்தது. நான் காரணம் பிடிபடாமல் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரே சொல் இருப்பதைக் கண்டேன். பாண், பருப்பு, பிளேன்டீ. சோறு, வல்லாரை, நெத்தலி, பிளேன்டீ. இடியப்பம், சொதி, பிளேன்டீ.

தேநீரிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் தாவர உணவிலிருந்து வரும் இரும்புச்சத்தைக் குடலில் உறிஞ்ச விடாமல் பிடித்துக்கொள்கிறது. சாப்பாட்டோடு குடித்தால் உறிஞ்சுதலைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடக்கூடும். இறைச்சி, மீனிலிருந்து வருவதை அந்த அளவுக்குத் தடுக்காது. ஆனால் நம் பிள்ளைகளின் தட்டில் மீன் எவ்வளவு இருக்கிறது? பருப்பும் கீரையும்தான் அவர்களின் இரும்பு. அதையும் ஒரு கோப்பை பிளேன்டீ கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரம் விடச் சொன்னேன். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடச் சொன்னேன். வைத்தியர் கொடுத்த இரும்பு மாத்திரையை அவள் எதோடு விழுங்கினாள் தெரியுமா? அதையும் பிளேன்டீயோடுதான்.

பெப்ரவரி 18

“தேயிலையைக் குறை சொல்லாதீர்கள், என் பாட்டி தோட்டத்தில் கொழுந்து பறித்தவர், 90 வயதுவரை வாழ்ந்தார்” என்று ஹட்டன் வாசகர் எழுதியிருக்கிறார். உங்கள் பாட்டிக்கு என் வணக்கம். தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை ஐயா. சாப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்கள் என்றுதான் சொன்னேன். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். தோட்டத்துப் பெண்களிடம் குருதிச்சோகை நெடுங்காலமாக இருக்கிறது. 90 வரை வாழ்ந்தவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். பிரசவத்தில் இரத்தம் போதாமல் போனவர்களையும் நினைக்க வேண்டும்.

சீனியின் கணக்கும் இருக்கிறது. மூன்று கரண்டி சீனியோடு ஐந்து கோப்பை என்றால் 15 கரண்டி. சோடாவைத் தொடாதவர்களும் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.

பெப்ரவரி 25, இரவு

நான் எழுத வந்ததே இதைத்தான். இவ்வளவு நாள் சுற்றி வந்துவிட்டேன்.

பயிற்சியின் முதல் ஆண்டில், மூன்றாவது மாதத்தில், மகளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. காய்ச்சல், நடுக்கம், இடுப்பு வலி. கேட்டால், காலை 6 மணிக்கு ஒரு கோப்பை, பிறகு பிற்பகல் 2 மணிக்குத்தான் தண்ணீர் என்றாள். “சின்னம்மா, எனக்குத் தாகமே எடுப்பதில்லை.”

கொழும்பு வெயிலில், மின்விசிறி பாதி வேலை செய்யும் வார்ட்டில், ஆறு மணி நேரம் நின்று வேலை செய்யும் பிள்ளைக்குத் தாகம் எடுக்காதா? எடுத்தது. அவள் குடிக்கவில்லை. குடித்தால் கழிவறைக்குப் போக வேண்டும். ஊழியர் கழிவறை தாழ்வாரத்தின் கடைசியில் பூட்டியிருந்தது. சாவி பொறுப்புத் தாதியின் மேசை லாச்சியில். சாவி வேண்டுமானால் எல்லோர் முன்னாலும் மேசையருகே போய்ச் சிங்களத்தில் கேட்க வேண்டும். அவளுடைய சிங்களம் அப்போது மூன்று மாதச் சிங்களம். முதல் தடவை கேட்டபோது ஒரு சொல் பிழைத்துவிட்டது, பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை. ஆனால் அன்றோடு அவள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள்.

எனக்கு அப்போது உள்ளே எரிந்தது. தண்ணீர் குடியுங்கள், அடக்கி வைக்காதீர்கள் என்று தினமும் கட்டில் கட்டிலாகச் சொல்லும் பிள்ளை. அவளுக்குப் பாடம் தெரியும். அவளுக்கும் பாடத்துக்கும் நடுவில் ஒரு சாவி இருந்தது.

ஆரோக்கியப் பழக்கம் பற்றி மாணவிகளிடம் வினாத்தாள் கொடுத்து, “நீங்கள் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை தண்ணீர் குடிக்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். கழிவறைச் சாவி எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

பெப்ரவரி 26

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மகள் கோபித்துக்கொண்டாள். அந்தப் பொறுப்புத் தாதியைப் பற்றி நான் கடுமையாக எழுதிவிட்டேன் என்கிறாள். கழிவறையில் குழாய்த் தலைகள் இரண்டு தடவை களவு போனதால்தான் பூட்டினார்களாம். அவளுக்குக் காய்ச்சல் வந்த அன்று தன் மேசைக் கதிரையில் உட்காரவைத்து, வைத்தியரைத் தானே கூட்டிவந்தவரும் அவர்தானாம். இதை நான் நேற்று எழுதியிருக்க வேண்டும். எழுதாதது பிழை.

சாவியைப் பற்றிச் சொன்னது அப்படியே நிற்கிறது.

மார்ச் 3

விடுதிகளில் சமைக்க விடுவார்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் அறிந்த விடுதிகளில் அறைக்குள் மின்சார அடுப்பு, சோற்றுப் பானை எதுவும் வைக்கக்கூடாது. தீப் பயம், மின் கட்டணம். கேத்தல் மட்டும் கண்டும் காணாமல் விடப்படும். ஆகவே இரவில் கேத்தலில் என்ன சமைக்கலாமோ அதுதான் சாப்பாடு. நூடுல்ஸ்.

மகள் வாங்கிய பொதியின் பின்பக்கத்தைப் பார்த்தேன். சோடியம் 900 மில்லிகிராம். இரண்டரையால் பெருக்கினால் உப்பு: 2.25 கிராம். நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டத்துக்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு சிறிய பொதியில் கிட்டத்தட்டப் பாதி முடிந்துவிட்டது. அவள் சுவைத்தூளில் பாதியை இப்போது எறிந்துவிடுகிறாள். அதே கேத்தலில் முட்டை அவிக்கிறாள். முதல்நாள் இரவே கொண்டைக்கடலையை ஊறவைத்து வெந்நீரில் அவித்துப் பார்த்தாள், வேகவில்லை. முட்டையே போதும் என்றேன்.

2022ஐ மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய ஆண்டு நூறு ரூபாய்க்கு வாங்கியதற்கு ஏறத்தாழ இருநூறு. அந்த மாதங்களில் என்னோடு வேலை செய்த மாணவிகள் முதலில் கைவிட்டது பழம். பிறகு முட்டை. பிறகு மீன். சோறும் பருப்பும் சம்பலும் நின்றன. பின்னர் விலையேற்றத்தின் வேகம் அடங்கியது, ஆனால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கைவிட்ட பழக்கங்களும் அப்படித்தான். பழம் வாங்காமல் ஓராண்டு இருந்த பிள்ளைக்குக் கடையில் பழத் தட்டே கண்ணில் படுவதில்லை.

நாளொன்றுக்கு 400 கிராம் பழமும் காய்கறியும் என்பது எளிதான அறிவுரை. கொழும்பில் மாணவிக்குக் கைக்கெட்டும் பழம் எது என்று கேட்டால் நான் கொய்யா என்பேன். தோடம்பழத்தைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வைட்டமின் சி அதில் இருக்கிறது. உரிக்க வேண்டாம், கத்தி வேண்டாம், பையில் நசுங்காது. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு விற்பவரிடம் உப்பில்லாமல் கேளுங்கள். மிளகாய் இருக்கட்டும்.

மார்ச் 9, சனி, காலை 9.30

இதை மெல்ல எழுதுகிறேன், பக்கத்து அறையில் மகள் தூங்குகிறாள். நேற்று இரவுக் கடமை. மாலை 7 மணி முதல் காலை 7 மணிவரை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடியே தூங்கி, வெள்ளவத்தையில் இறங்க வேண்டியவள் தெஹிவளைவரை போய்த் திரும்பி வந்தாள்.

விடுதியில் பகலில் தூங்க முடியாது. 8 மணிக்குத் தாழ்வாரம் கழுவுவார்கள், 9 மணிக்குத் தண்ணீர் மோட்டார். அதனால் இரவுக் கடமை முடிந்தால் என் அறைக்கு வந்துவிடுவாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துவாய் ஒன்றை நான்கு மூலையிலும் ஆணியடித்துக் கட்டியிருக்கிறேன். கீழே கடைக்காரர் வானொலியைக் குறைத்து வைப்பார். ஒரு தடவை சொன்னேன், அதற்குப் பிறகு அவள் படியேறுவதைக் கண்டாலே குறைத்துவிடுகிறார்.

வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். இரவு வேலைக்காரருக்கு அது இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும். மகள் இப்போது செய்வது: கடமைக்குப் போவதற்கு முன் மாலையில் ஒன்றரை மணி நேரம். சோறு 6 மணிக்கே. நடு இரவுக்கும் விடியலுக்கும் இடையில் பெரிய சாப்பாடு இல்லை, ஒரு வாழைப்பழமோ முட்டையோ மட்டும். கடைசித் தேநீர் அதிகாலை 2 மணிக்குள். கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். 4 மணிக்குக் குடித்தால் 9 மணிக்கும் அதில் பாதி உள்ளே விழித்திருக்கும்.

2007இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் உடற்கடிகாரத்தைக் குழப்பும் இரவுப் பணியை “மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது” என்ற வகையில் சேர்த்தது, 2019இல் மீண்டும் ஆராய்ந்து அதே இடத்தில் வைத்தது. இதைப் படித்து எந்த மாணவியும் பயந்து படிப்பை விட வேண்டாம். பல ஆண்டுகள் தொடரும் இரவு வேலையைப் பற்றிய கவலை அது. ஆனால் “இரவு முழித்தால் என்ன, பகலில் தூங்குகிறாயே” என்று பிள்ளைகளிடம் சொல்லும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பகலில் அவளைத் தேடிவந்து கதவைத் தட்டாதீர்கள். எங்கள் உறவுக்காரர் ஒருவர் பகல் 11 மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, “இன்னும் படுக்கையா?” என்று கேட்டார். நான்தான் பதில் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

மார்ச் 10

நேற்று எழுதியபோது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய ஓர் ஆய்வில் 1,21,700 தாதியர் சேர்ந்தார்கள். கருத்தடை மாத்திரையின் நீண்டகால விளைவுகளை அறியத் தொடங்கியது, பிறகு உணவு, புகை, உடற்பயிற்சி, தூக்கம் என்று விரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை வினாத்தாள் வரும், அவர்கள் நிரப்பி அனுப்புவார்கள். தாதியரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், மருத்துவக் கேள்விகளுக்கு அவர்கள் சரியாகப் பதில் எழுதுவார்கள் என்ற நம்பிக்கை. பெண்களின் இதயத்தையும் மார்பகத்தையும் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பதில் பெரிய பங்கு அந்த வினாத்தாள்களிலிருந்து வந்தது. எங்கோ ஒரு குசினி மேசையில், கடமை முடிந்து வந்து, கால் வலியோடு நிரப்பியிருப்பார்கள். அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மார்ச் 16

பெப்ரவரி 14இல் எழுதியதைத் திருத்துகிறேன். வார்ட்டில் நடப்பதே உடற்பயிற்சி என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். மகளோடு மெரின் டிரைவ் வழியாக நடந்தபோது அது பிழை என்று விளங்கியது. தொலைபேசியில் 8,400 அடி காட்டிய பிள்ளை வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டிக்குள் மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். குருதிச்சோகை ஒரு காரணம், உண்மை. ஆனால் வார்ட்டு நடை நான்கு அடி, நிற்றல், குனிதல், தூக்குதல், மறுபடி நான்கு அடி. இதயம் ஒரு சீராக ஏறி இருபது நிமிடம் அங்கேயே நிற்பதில்லை. முதுகும் கணுக்காலும் மட்டும் களைக்கின்றன. வேலையின்போது உடல் படும் பாட்டுக்கும் ஓய்வு நேரத்தில் விரும்பி நடப்பதற்கும் ஒரே பலன் கிடைப்பதில்லை என்று ஆய்வாளர்களும் எழுதுகிறார்கள்.

ஒரு நாளைக்கு 10,000 காலடி நடக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த எண்ணும் வைத்தியர் சொன்னதல்ல. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயர் அது. உலக சுகாதார நிறுவனம் நிமிடத்தில்தான் கணக்குச் சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

நாங்கள் ஞாயிறும் புதனும் நடக்கிறோம். கடல் பக்கம் காற்று இருக்கும், ரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவோம். முதல் வாரம் பன்னிரண்டு நிமிடம். திரும்பும்போது தேங்காய்ச் சொட்டுப் போட்ட அவித்த கடலை ஒரு சுருள். ரோல்ஸைவிட அது நூறு மடங்கு நல்லது. கையில் பிடித்துக்கொண்டு நடக்கவும் முடியும்.

விகாரமகாதேவி பூங்காப் பக்கம் காலையில் நடப்பவர்களுக்கு இலைக்கஞ்சி கிடைக்கும். வல்லாரை, கறிவேப்பிலை, தேங்காய்ப்பால், சிவப்பரிசி. பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி தருவார்கள். 6.30 மணிப் பணிஸுக்கு மாற்று எது என்று நான் பல நாள் தேடினேன். அந்தக் கஞ்சி வண்டி விடுதி வாசலுக்கு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

மார்ச் 17

“பழைய காலத்துத் தாதியர் இப்படியெல்லாம் முறையிடவில்லையே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் மாணவியாக இருந்தபோது முறையிடவில்லை. அதன் பலனைச் சொல்கிறேன். முதலாம் ஆண்டில் ஒரு காலை 9.30 மணிக்கு, காயத்துக்கு மருந்து கட்ட உதவிக்கொண்டிருந்தவள் தட்டோடு கீழே விழுந்தேன். கண் விழித்தபோது அடுத்த கட்டிலில் இருந்த கொட்டாஞ்சேனை அம்மா ஒருவர், தனக்கு வீட்டிலிருந்து வந்த பாலைக் கோப்பையில் ஊற்றி நீட்டிக்கொண்டிருந்தார். “சாப்பிட்டாயா மகள்?” சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவருக்கு மறுநாள் சத்திரசிகிச்சை. நோயாளியின் பாலை நான் குடித்தேன். இன்றுவரை அந்தக் கோப்பை என் கண்ணில் நிற்கிறது.

அதனால்தான் இப்போதைய பிள்ளைகள் வாய் திறந்து கேட்டால் நான் மகிழ்கிறேன்.

ஏப்ரல் 2

மகளின் ஈமோகுளோபின் 11.6. இன்னும் 12 ஆகவில்லை, மாத்திரை தொடர்கிறது. படியேறும்போது மூச்சு வாங்கவில்லை என்கிறாள். நடை இருபத்தைந்து நிமிடமாகிவிட்டது.

சாவி என்ன ஆனது என்று ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். அவள் இப்போது வேறு வார்ட்டில் இருக்கிறாள். அங்கே சாவி உடைமாற்றும் அறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பழைய வார்ட்டில் இன்னும் லாச்சிக்குள்தான். புதிதாக வந்த முதலாம் ஆண்டுத் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்லிக் கொடுத்து, தன் முன்னால் பத்துத் தடவை சொல்ல வைத்தாளாம். பத்தாவது தடவை மூவரும் சேர்ந்து சிரித்தார்களாம். பிறகு அவர்களைத் தானே பொறுப்புத் தாதியிடம் கூட்டிப்போய், இன்னொரு சாவி வெட்டி ஆணியில் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறாள். “பார்க்கலாம்” என்றாராம்.

ஏப்ரல் 7

தெமட்டகொடை வாசகருக்கு. தாயாரோடு கிளினிக்குக்குப் போனபோது அந்த மாணவியை மறுபடி கண்டதாகவும், அவளுக்கு ஏதாவது சாப்பாடு வாங்கிக் கொடுக்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் கொடுக்காதீர்கள். நோயாளரின் வீட்டாரிடமிருந்து எதையும் வாங்கக்கூடாது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம், அவள் சங்கடப்படுவாள்.

அம்மா கருவாட்டை ஊறவைத்துக் கழுவுகிறாரா என்று அவள் கேட்பாள். உண்மையைச் சொல்லுங்கள், கழுவாவிட்டாலும் சொல்லுங்கள். உங்கள் அம்மா தினமும் நடக்கிறாரா என்றும் கேட்பாள். அவளுடைய கேள்விகள் முடிந்து, 1 மணிக்குக் கையைக் கழுவிக்கொண்டு அவள் வெளியே போகும்போது மட்டும் இன்னொரு சந்தேகம் என்று மறித்து நிற்காதீர்கள். அரை மணியில் அவள் விரிவுரைக்குப் போக வேண்டும். அந்த அரை மணி நேரமும் அவளுக்கு இருக்கட்டும்.